கம்பெனி டாக்டர்கள் படிக்கப் போன கதை

முதல்ல பேர்லயே ஒரு சிக்கல். பார்மசி தெரியும், பார்மகாலஜி தெரியும். பார்மசூட்டிகல் மெடிசின்னு ஒண்ணு இருக்குன்னு சொன்னா, "அதான் பி.பார்ம் தானே?"ன்னு கேக்கறாங்க. இல்லைங்க. பி.பார்ம் மருந்தைத் தயாரிக்கிறதுக்கும் கையாளுறதுக்குமான படிப்பு. பார்மகாலஜி, மருந்து உடம்புக்குள்ள போய் என்ன பண்ணுதுன்னு பார்க்கிற அறிவியல். இது வேற. ஒரு புது மூலக்கூறை முதல்முதலா ஒரு மனுஷனுக்குக் கொடுக்கலாமா, எவ்வளவு கொடுக்கலாம், சோதனையை எப்படி வடிவமைக்கணும், அரசாங்கத்துக்கிட்ட எதையெல்லாம் காட்டி அனுமதி வாங்கணும், கடைக்கு வந்தப்புறம் யாருக்கு என்ன ஆச்சுன்னு எப்படிக் கண்காணிக்கணும் - இவ்வளவும் சேர்ந்ததுதான் பார்மசூட்டிகல் மெடிசின். தமிழ்ல 'மருந்துருவாக்க மருத்துவம்'னு எழுதிப் பார்த்தேன். வாயில நுழையல. நல்ல சொல் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, எடுத்துக்கறேன்.

மத்த மருத்துவத் துறைகளுக்கும் இதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கண் மருத்துவமோ இதய மருத்துவமோ ஆஸ்பத்திரியிலயும் கல்லூரியிலயும் வளர்ந்தது. இது கம்பெனியில வளர்ந்தது. வேலை முதல்ல வந்துச்சு, வேலைக்கு ஆள் வந்தாங்க, அந்த ஆளுங்களுக்கு என்ன தெரியணும்ங்கற கேள்வி ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் வந்துச்சு. அதனாலதான் இந்தப் படிப்பு ஆரம்பத்துல இருந்தே வேலையில இருக்கறவங்களுக்கான படிப்பாவே இருந்திருக்கு. இன்னிக்கு ராத்திரி பதினொரு மணிக்கு ஹெட்செட் மாட்டிக்கிட்டு ஐரோப்பாவுல நடக்கிற வகுப்பைக் கேக்கறவங்க வரைக்கும் அந்தச் சங்கிலி நீளுது.

சரி, மேட்டருக்கு வருவோம். கொஞ்சம் பின்னாடி போகணும். 1937.

அமெரிக்காவுல டென்னஸி மாநிலத்துல பிரிஸ்டல்னு ஒரு ஊர். அங்க மாஸெங்கில்னு ஒரு கம்பெனி. சல்ஃபனிலமைடு அப்போ புதுசா வந்த அதிசய மருந்து. மாத்திரையாவும் பொடியாவும்தான் கிடைச்சுது. குழந்தைகளுக்குக் கொடுக்கத் திரவமா வேணும்னு கேட்டாங்க. எதுல கரைக்கலாம்னு பார்த்த கம்பெனி கெமிஸ்ட், டைஎதிலின் கிளைக்காலில் கரைச்சார். ராஸ்பெர்ரி வாசனை சேர்த்தாங்க. சுவை நல்லா இருக்கா, நிறம் நல்லா இருக்கா, வாசனை நல்லா இருக்கா - மூணும் சோதிச்சாங்க. விஷமான்னு யாரும் சோதிக்கல. அப்போ இருந்த சட்டம் அதைக் கேக்கவும் இல்லை. நூத்துக்கும் மேற்பட்டவங்க செத்துப்போனாங்க, அதுல பல பேர் குழந்தைங்க. அரசாங்கம் பாட்டில்களைப் பறிமுதல் பண்ண என்ன சட்டக் காரணம் கிடைச்சுது தெரியுமா? 'எலிக்ஸிர்'னு லேபிள்ல போட்டா உள்ள ஆல்கஹால் இருக்கணும், இதுல இல்லை. அதாவது பேர் தப்பு. கொன்னது குற்றமா இல்லை, லேபிள்தான் குற்றம். இதுக்கப்புறம்தான் 1938-ல், விற்கிறதுக்கு முன்னாடி பாதுகாப்பைக் காட்டணும்னு சட்டம் வந்துச்சு.

(அதே டைஎதிலின் கிளைக்கால்தான் 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவுல இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்னது. அந்த இருமல் மருந்து தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதிச்சப்போ 48.6 சதவீதம் அந்த விஷம் இருந்துச்சு. எண்பத்தெட்டு வருஷம். இதுக்கு மேல இந்தப் பதிவுல அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா பதிவு வேற பக்கம் போயிடும். நிறுத்திக்கறேன்.)

1937-ல் அந்த விஷத்தை ஆராயற வேலை சிகாகோ பல்கலைக்கழகத்துல கைலிங்னு ஒரு பேராசிரியர்கிட்ட வந்துச்சு. அவரோட ஆய்வகத்துல கனடாவுல இருந்து வந்த ஒரு மாணவி இருந்தாங்க. பேர் ஃபிரான்சஸ் ஓல்டம். அவங்க அங்க சேர்ந்ததே ஒரு கூத்து. விண்ணப்பக் கடிதத்துக்குப் பதில் 'மிஸ்டர் ஓல்டம்'னு வந்துச்சாம். ஃபிரான்சஸ்ங்கற பேரை ஆண் பேர்னு பேராசிரியர் நினைச்சுட்டார். போலாமா வேண்டாமான்னு யோசிச்சு, போயிட்டாங்க. எலிகளுக்கு அந்த மருந்தைக் கொடுத்துச் சிறுநீரகம் எப்படிப் போகுதுன்னு பார்த்த குழுவுல அவங்களும் ஒருத்தர். போர்க்காலத்துல மலேரியா மருந்துகள்ல வேலை பார்த்தாங்க. கருவுல இருக்கிற குழந்தைக்கும் மருந்து போய்ச் சேரும்ங்கற விஷயம் அப்பவே மனசுல பதிஞ்சுடுச்சு. கல்யாணத்துக்கு அப்புறம் ஃபிரான்சஸ் கெல்சி. அப்புறம் எம்.டி.யும் படிச்சாங்க.

1960 ஆகஸ்ட்ல கெல்சி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்.டி.ஏ.ல வேலைக்குச் சேர்ந்தாங்க. செப்டம்பர்ல ஒரு ஃபைல் மேஜைக்கு வந்துச்சு. புது ஆள், சுலபமான ஃபைலாக் கொடுப்போம்னுதான் கொடுத்தாங்களாம். தூக்க மருந்து. ஜெர்மனியில 1957 அக்டோபர்ல இருந்து விக்குது, பிரிட்டன்ல 1958-ல் இருந்து விக்குது. மருந்தின் பேர் தாலிடோமைடு. அமெரிக்காவுல விக்க விண்ணப்பிச்சது ரிச்சர்ட்ஸன்-மெரல் கம்பெனி.

அப்போ இருந்த விதி ரொம்ப வினோதமானது. விண்ணப்பம் கொடுத்து 60 நாளுக்குள்ள எஃப்.டி.ஏ. ஆட்சேபிக்கலைன்னா, மருந்து தானா அனுமதி பெற்றதாகிடும். அனுமதிக்கறதுக்கு யாரும் ஒண்ணும் செய்ய வேண்டாம். தடுக்கறதுக்குத்தான் வேலை செய்யணும். கெல்சி என்ன பண்ணாங்கன்னா, ஒவ்வொரு தடவையும் 'விண்ணப்பம் முழுமையா இல்லை'ன்னு கடிதம் எழுதினாங்க. கடிதம் போனதும் 60 நாள் கணக்கு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும். 1960 கடைசியில பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு டாக்டர் எழுதின சின்னக் கடிதம் வந்துச்சு: இந்த மருந்தை ரொம்ப நாள் சாப்பிட்டவங்களுக்குக் கை கால் நரம்பு மரத்துப் போகுதுன்னு. கெல்சி அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. பெரியவங்க நரம்பையே தொடுற மருந்து கருவை என்ன பண்ணும், அதுக்குத் தரவு எங்கன்னு கேட்டாங்க. கம்பெனி ஆள் சுமார் ஐம்பது தடவை ஃபோனும் நேருமாப் படையெடுத்தார். மேலதிகாரிகள்கிட்டயும் புகார் போச்சு. அந்தம்மா அசையல.

1961 நவம்பர்ல ஹாம்பர்க் டாக்டர் விடுகிண்ட் லென்ஸ், கை கால் குறைபாட்டோட பிறக்கிற குழந்தைகளுக்கும் இந்த மருந்துக்கும் தொடர்பு இருக்குன்னு சொன்னார். டிசம்பர்ல ஆஸ்திரேலியாவுல இருந்து மெக்பிரைடு எழுதின கடிதம் லான்செட்ல வந்துச்சு. உலகம் முழுக்கப் பத்தாயிரம் குழந்தைகளுக்கு மேல பாதிப்பு. அமெரிக்காவுல பதிவானது பதினேழு. அதுல பலதும் எப்படின்னா, அனுமதி வர்றதுக்கு முன்னாடியே 'பரிசோதனை'ங்கற பேர்ல ஆயிரத்துக்கும் மேற்பட்ட டாக்டர்களுக்குக் கம்பெனி மாத்திரைகளைக் கொடுத்து வெச்சிருந்துச்சு. யாருக்குக் கொடுத்தோம்ங்கற கணக்குகூட சரியா இல்லை. இன்னிக்கு ஒரு சோதனையில ஒரு மாத்திரை கணக்குல குறைஞ்சா ரெண்டு பக்கம் விளக்கம் எழுதணும். அப்போ லட்சக்கணக்குல மாத்திரை கணக்கில்லாம போயிருக்கு.

இப்போ பிரிட்டனுக்கு வருவோம். அங்க இந்த மருந்தை வித்தது டிஸ்டில்லர்ஸ் கம்பெனி. பேரைப் பாருங்க, விஸ்கி கம்பெனிதான். போர்க்காலத்துல பென்சிலின் பக்கம் வந்தவங்க, அப்படியே மருந்துத் தொழில்லயும் இருந்துட்டாங்க. ஒரு புது மருந்தை விக்கறதுக்கு முன்னாடி அரசாங்கத்துக்கிட்ட பாதுகாப்பைக் காட்டணும்னு பிரிட்டன்ல அப்போ பொதுவான சட்டமே கிடையாது. கம்பெனிக்குள்ள ஒரு மெடிக்கல் அட்வைசர் இருப்பார். ஆஸ்பத்திரி வேலையை விட்டுட்டு வந்தவர். விளம்பரத்துல மருத்துவப் பிழை இருக்கான்னு பார்ப்பார், டாக்டர்கள் எழுதற கடிதங்களுக்குப் பதில் போடுவார், தெரிஞ்ச ஆஸ்பத்திரிகள்ல மருந்தைக் கொடுத்துப் பார்க்கச் சொல்வார். சக டாக்டர்கள் மத்தியில அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. வியாபாரத்துக்குப் போனவர்ங்கற பார்வைதான். இவங்க ஒண்ணு கூடி 1957-ல் ஒரு சங்கம் வெச்சாங்க. அதே வருஷம்தான் ஜெர்மனியில தாலிடோமைடு கடைக்கு வந்துச்சு.

1963-ல் சர் டெரிக் டன்லப் தலைமையில ஒரு குழு போட்டாங்க. 1964-ல் இருந்து வேலை செஞ்சுது. சட்டம் இல்லை, கம்பெனிகள் ஒத்துக்கிட்டதால நடந்த குழு. அதே வருஷம் மஞ்சள் அட்டை வந்துச்சு. மருந்தால ஏதாவது விபரீதம்னு டாக்டர் சந்தேகப்பட்டா மஞ்சள் அட்டையில எழுதித் தபால்ல போட்டுடலாம். சந்தேகம் போதும், நிரூபணம் வேண்டாம்.

இந்த அட்டை ஏன் தேவைங்கறதுக்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கு. இந்தப் படிப்புல சேர்றவங்க எல்லாரும் முதல் மாசத்துலயே பார்க்கற கணக்கு. ஆயிரத்துல ஒருத்தருக்கு வர்ற பக்கவிளைவை ஒரு தடவையாவது கண்ணால பார்க்கணும்னா எத்தனை பேருக்கு மருந்து கொடுத்துப் பார்க்கணும்? ஆயிரம் பேர்னுதான் தோணும். ஆனா ஆயிரம் பேருக்குக் கொடுத்தா, ஒண்ணுகூட கண்ணுல படாம போக மூணுல ஒரு பங்குக்கு மேல வாய்ப்பு இருக்கு. 95 சதவீதம் உறுதி வேணும்னா மூவாயிரம் பேர் வேணும். பத்தாயிரத்துல ஒருத்தருக்கு வர்றதுன்னா முப்பதாயிரம். அனுமதிக்கு முன்னாடி ஒரு மருந்து பெரும்பாலும் சில ஆயிரம் பேர்கிட்டதான் சோதிக்கப்படுது. அப்போ அபூர்வமான ஆபத்து கடைக்கு வந்த பிறகுதான் தெரியும். வேற வழியே இல்லை. அதை யாராவது உக்காந்து பார்த்துக்கிட்டே இருக்கணும். அந்த 'யாராவது'க்கு என்ன தெரிஞ்சிருக்கணும்ங்கறதுதான் கேள்வி.

1968-ல் பிரிட்டன்ல மருந்துச் சட்டம் வந்துச்சு. இனிமே கம்பெனி தர்ற ஆவணங்களைப் புரிஞ்சு, எழுதி, கையெழுத்துப் போட ஆள் வேணும். 1975-ல் பல நாட்டுக் கம்பெனி டாக்டர் சங்கங்கள் சேர்ந்து ஒரு சர்வதேசக் கூட்டமைப்பு ஆரம்பிச்சாங்க. 1976-ல் பிரிட்டனின் மருத்துவ ராயல் கல்லூரிகள் சேர்ந்து பார்மசூட்டிகல் மெடிசின் டிப்ளமோவுக்கு முதல் பரீட்சை வெச்சாங்க. பரீட்சை வந்துடுச்சு, ஆனா படிக்க எங்க போறது? நம்ம ஊர்ல பாடத்திட்டம் போட்டு, புத்தகம் போட்டு, கடைசியில பரீட்சை வைப்பாங்க. அங்க தலைகீழா நடந்துச்சு. பரீட்சை எழுதப் போறவங்க எல்லாரும் நாப்பது வயசு, குடும்பம், வேலை, கம்பெனி கார்னு இருக்கறவங்க. யாரும் ரெண்டு வருஷம் லீவு போட்டுட்டுக் கல்லூரிக்குப் போகப் போறதில்லை. அதனால வேல்ஸ்ல கார்டிஃப்ல 1970களின் பிற்பகுதியில தொடங்கின படிப்பு, ரெண்டு வருஷத்துல அப்பப்போ சில நாள் மட்டும் போய்த் தங்கிப் படிக்கிற மாதிரி அமைஞ்சுது. மீதி நாள்லாம் வீட்டுல, ராத்திரியில, ஞாயித்துக்கிழமையில. ஒரு தலைமுறை கம்பெனி டாக்டர்களுக்குக் கார்டிஃப்ங்கறது ஊர் பேர் இல்லை, படிப்பின் பேர்.

இங்க ஒரு சின்ன கிளைக்கதை. வேலை பார்த்துக்கிட்டே படிக்கறதுல பிரிட்டனுக்குப் பழைய பழக்கம் உண்டு. லண்டன் பல்கலைக்கழகம் 1858-லேயே, எங்க கல்லூரியில வந்து உக்கார வேண்டாம், பரீட்சையை மட்டும் எழுதுங்கன்னு சொல்லிடுச்சு. அதுல நம்ம ஆளுங்களுக்கும் பங்கு உண்டு. கொழும்புல 1921-ல் ஆரம்பிச்ச யுனிவர்சிட்டி காலேஜ் சொந்தமாப் பட்டம் கொடுக்கல. மாணவர்கள் எழுதினது லண்டன் எக்ஸ்டர்னல் பட்டத்துக்குத்தான். 1971 ஜனவரியில திறந்த பல்கலைக்கழகம் பாடம் நடத்த ஆரம்பிச்சப்போ, பிபிசி-யில விடியற்காலையில தாடி வெச்ச பேராசிரியர்கள் கரும்பலகையில எழுதறதை மில் தொழிலாளிகளும் வீட்டம்மாக்களும் பார்த்தாங்க. அதே வருஷம் நம்ம மதுரைப் பல்கலைக்கழகத்துல அஞ்சல்வழிக் கல்வி ஆரம்பிச்சுது. பழுப்புக் கவர்ல வர்ற பாடத்தைக் கிரைண்டர் சத்தத்துக்கு நடுவுல படிச்சுப் பட்டம் வாங்கின அக்காக்களை நம்ம எல்லாருக்கும் தெரியும்.

இணையம் வந்தப்புறம் நடந்ததுல எனக்குப் பிடிச்ச ஆள் மார்ட்டின் டூகியாமஸ். ஆஸ்திரேலியப் பாலைவனத்துக்குள்ள வளர்ந்தவர். பக்கத்துல பள்ளிக்கூடம் கிடையாது. ரேடியோவுல பாடம் கேட்டுத்தான் ஆரம்பப் படிப்பு. அவர்தான் பெரியவராகி மூடில்ங்கற மென்பொருளை எழுதி 2002-ல் இலவசமா வெளியிட்டார். இன்னிக்கு வாரா வாரம் பாடத்தைத் திறந்து, கேள்விக்குப் பதில் போட்டு, அசைன்மெண்ட்டை ஏத்தற ஆன்லைன் படிப்புகள்ல எக்கச்சக்கமானது ஓடுறது அதுலதான். எங்கேயோ தூரமா உக்காந்து படிக்கிறவனோட தனிமை தெரிஞ்ச ஆள் எழுதினது. உள்ள போய் மெனுவைப் பார்த்தா அப்படித் தோணாதுங்கறது வேற விஷயம் :-)

மறுபடி மருந்துக்கு. 1989-ல் ராயல் கல்லூரிகள் இந்தத் துறைக்குன்னு தனி ஃபேக்கல்டி அமைச்சாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு 1991-ல் சுவிட்சர்லாந்தின் பாஸல் பல்கலைக்கழகத்துல ஐரோப்பிய பார்மசூட்டிகல் மெடிசின் மையம் ஆரம்பிச்சுது. இடத்தைக் கவனிங்க. ரோஷ், சிபா-கைகி, சாண்டோஸ் மூணுக்கும் தலைமையகம் அந்த ஊர்தான். (கடைசி ரெண்டும் 1996-ல் சேர்ந்து நோவார்டிஸ் ஆச்சு.) மாணவர்கள் டிராம்ல வந்துடலாம். நடுவுல 1990-ல் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் மூணும் சேர்ந்து மருந்து விதிகளை ஒரே மாதிரி ஆக்க ஐ.சி.எச்.னு ஒரு அமைப்பு வெச்சாங்க. 1996-ல் அதோட 'நல்ல மருத்துவச் சோதனை நடைமுறை' வந்துச்சு. ஒரே விதி எல்லா நாட்டுக்கும்னு ஆனதும், ஒரே பாடம் எல்லா நாட்டுக்கும்னு ஆகறது சுலபமாயிடுச்சு. 2000-ல் டப்ளின்ல தொடங்கின ஹைபர்னியா காலேஜ் மாதிரி இடங்கள் முழுக்க ஆன்லைன்லயே இந்தத் துறையில எம்.எஸ்சி. நடத்தினாங்க. 2002-ல் பிரிட்டன் இதைத் தனி மருத்துவச் சிறப்புத் துறையா ஏத்துக்கிட்டது. விஸ்கி கம்பெனி அட்வைசர் காலத்துல இருந்து நாப்பது வருஷம் ஆச்சு அதுக்கு.

இவ்வளவு படிப்பும் பயன் தந்துச்சான்னு கேட்டா, எனக்குத் தெரிஞ்ச நேர்மையான இடம் 2006 மார்ச் 13. லண்டன் நார்த்விக் பார்க் ஆஸ்பத்திரி வளாகம். டி.ஜி.என்.1412-ன்னு ஒரு ஆன்டிபாடி. எட்டு ஆரோக்கியமான இளைஞர்கள், தலைக்கு 2000 பவுண்ட். ஆறு பேருக்கு மருந்து, ரெண்டு பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. விலங்குகள்ல பாதுகாப்பா இருந்த அளவுல ஐநூத்துல ஒரு பங்குதான் கொடுத்தாங்க. ஒருத்தருக்கு ஊசி ஏத்தி சுமார் பத்து நிமிஷம் கழிச்சு அடுத்தவர், அப்புறம் அடுத்தவர். முதல் ஆள் தலைவலி, குளிர்னு துடிக்க ஆரம்பிச்சப்போ வரிசை கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சு. ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனாங்க. எல்லாரும் உயிர் பிழைச்சது பெரிய விஷயம். ஒருத்தர் விரல் நுனிகளை இழந்தார்.

அரசு விசாரணையில என்ன தெரிஞ்சுதுன்னா, மருந்துல கலப்படம் இல்லை, அளவு தப்பில்லை, அனுமதி முறையா வாங்கியிருந்தாங்க. குரங்கோட டி-செல்லுக்கும் மனுஷனோட டி-செல்லுக்கும் இருக்கிற வித்தியாசத்தால இது குரங்குல தெரியாம போச்சுன்னு 2010-ல்தான் தெளிவாச்சு. அதை முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும்னு சொல்ல முடியாது. ஆனா பத்து நிமிஷம்? ஒரு ஆளுக்கு ஏத்திட்டு ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாமேன்னு கேக்க டி-செல் தெரிய வேண்டாம். அந்தத் திட்டம் எத்தனை பேர் கையெழுத்தைத் தாண்டி வந்திருக்கும்! யாரும் கேக்கல. 2006 கடைசியில கார்டன் டஃப் தலைமையிலான குழு கொடுத்த அறிக்கை, முதல் மனுஷனுக்கும் ரெண்டாவது மனுஷனுக்கும் நடுவுல போதிய இடைவெளி வேணும்னு சொன்னதோட, இந்தச் சோதனைகளை நடத்தறவங்களுக்குத் தகுந்த பயிற்சியும் வேணும்னு சொல்லுச்சு. அதுக்கப்புறம் ஃபேக்கல்டி முதல்-மனிதச் சோதனை நடத்தறவங்களுக்குன்னே தனியா ஒரு தகுதிப் படிப்பு கொண்டு வந்தது. இந்த வரலாறு முழுக்க இப்படித்தான். ஒவ்வொரு மாட்யூலுக்குப் பின்னாடியும் ஒரு ஆஸ்பத்திரி வார்டு இருக்கு.

அப்புறம் பணம். 2009-ல் ஃபார்மாட்ரெயின்னு ஒரு ஐரோப்பியத் திட்டம். பல பல்கலைக்கழகங்கள் ஒரே பாடத்திட்டத்துல, ஒண்ணுல படிச்ச மாட்யூலை இன்னொண்ணு ஏத்துக்கிற மாதிரி கொண்டு வர்றதுக்கு. வேலை பார்க்கறவனுக்கு இது வரம்தான். பாதிப் படிப்புல ஊர் மாறினாலும் வீணாகாது. அதுல செலவு பண்ணது ஐரோப்பிய ஒன்றியமும் மருந்துக் கம்பெனிகளும் சேர்ந்து. மாணவனோட ஃபீஸையும் பெரும்பாலும் கம்பெனியே கட்டுது. அப்போ, கம்பெனியைப் பார்த்து 'இந்தச் சோதனை வேண்டாம்', 'இந்த மருந்தை வாபஸ் வாங்குங்க'ன்னு சொல்ல வேண்டிய ஆளை வளர்க்கிற காசு கம்பெனியோடது. 1999-ல் வந்த வயாக்ஸ் 2004 செப்டம்பர் 30-ல்தான் வாபஸ் ஆச்சு. இதய ஆபத்துக்கான அறிகுறி 2000-லேயே ஒரு பெரிய சோதனையில தெரிஞ்சுது. நடுவுல இருந்த நாலு வருஷமும் உள்ள இருந்தவங்க படிக்காதவங்க இல்லை. புள்ளியியல் கரைச்சுக் குடிச்சவங்க. அந்த எண்ணுக்கு வேற விளக்கம் சொல்லவும் அந்தப் படிப்பே உதவும்ங்கறதுதான் சங்கடம். இதுக்காக கம்பெனிக் காசே வேண்டாம்னு சொல்றவங்க இருக்காங்க. எனக்கு அதுல உடன்பாடில்லை. அரசாங்கம் கட்டாது, சொந்தக் காசுல கட்டுன்னா பவுண்ட்லயும் யூரோவுலயும் கேக்கற ஃபீஸ் நம்ம ஊர் சம்பளக்காரனுக்கு ஒரு வருஷ வருமானம். ஆனா பாடத்திட்டத்தையும் பரீட்சையையும் கையில வெச்சிருக்கறது கம்பெனியா, கல்லூரியாங்கறதை மட்டும் சேர்றதுக்கு முன்னாடி பார்த்துடுங்க. அதுல விட்டுக்கொடுக்கக் கூடாது.

நம்ம ஊரைச் சொல்லிட்டதால இன்னும் ரெண்டு வரி. சென்னையில ராத்திரி ஷிஃப்ட்ல எத்தனையோ பேர் இந்தத் துறையில வேலை பார்க்கறாங்க, அது இந்தத் துறைன்னு பேர் தெரியாமலே. ஐரோப்பாவுல ஒரு பாட்டிக்கு மாத்திரை சாப்பிட்டு மயக்கம் வந்தா, அந்த ரிப்போர்ட்டைப் படிச்சு, வகைப்படுத்தி, குறியீடு போட்டு, நடந்ததைக் கதையா எழுதறது இங்க ஒரு பி.பார்ம் படிச்ச பொண்ணு. தீவிரமான, எதிர்பாராத விளைவுன்னா பதினஞ்சு நாள் கெடு. உயிருக்கே ஆபத்துன்னா, சோதனையில இருக்கிற மருந்துக்கு ஏழு நாள். ஒரு கேஸுக்கு இத்தனை நிமிஷம்னு டார்கெட். 1976 பரீட்சை டாக்டர்களுக்கு மட்டும்தான். இன்னிக்கு ஆன்லைன் முதுகலைப் படிப்புகள்ல பலதுல பி.பார்ம், எம்.எஸ்சி., நர்ஸிங் படிச்சவங்களும் சேரலாம். எனக்கு இதுதான் இந்த வரலாற்றிலேயே பெரிய மாற்றமாப் படுது. டப்ளின்லயோ லண்டன்லயோ சாயங்காலம் ஏழு மணிக்கு வகுப்புன்னா, கோடையில இங்க ராத்திரி பதினொன்றரை, குளிர்காலத்துல பன்னெண்டரை. ஷிஃப்ட்ல இருக்கற பொண்ணுக்கு அது வேலை நேரம். டீம் லீட் விட்டா கேக்கலாம், இல்லாட்டி ஞாயித்துக்கிழமை ரெக்கார்டிங். கேஸ் எண்ணிக்கையைத் தாண்டி, நாம போடற குறியீடு எங்க போய்ச் சேருது, எப்படி ஒரு சிக்னலா மாறுதுன்னு தெரிஞ்சா வேலையே வேற மாதிரி தெரியுதுன்னு படிச்சவங்க சொல்றாங்க. நம்பறேன்.

டாக்டர் இல்லாதவங்கன்னு சொன்னதும் ஒருத்தர் ஞாபகம் வர்றாங்க. தாலிடோமைடுக்கு விண்ணப்பிச்ச அதே மெரல் கம்பெனி, 1960-ல் எம்.ஈ.ஆர்.29-ன்னு ஒரு கொலஸ்ட்ரால் மருந்தைக் கொண்டு வந்துச்சு. பிரமாதமா வித்துச்சு. சாப்பிட்டவங்களுக்கு முடி கொட்டுச்சு, கண்ணுல புரை விழுந்துச்சு. அனுமதி வாங்கறதுக்கு முன்னாடி நடந்த குரங்குச் சோதனையில எடைக் கணக்கை மாத்தி எழுதச் சொல்லி ஆய்வகத்துல வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு உத்தரவு வந்துச்சு. டெக்னீஷியன். பெரிய பட்டம் எதுவும் கிடையாது. மாத்தின அட்டவணையில கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாங்க. வேலையை விட்டுட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் கார்ல சேர்ந்து ஆபீஸ் போற கூட்டத்துல எஃப்.டி.ஏ. இன்ஸ்பெக்டர் ஒருத்தர் இருந்தார். ஒரு நாள் பேச்சுவாக்குல விஷயம் வெளிய வந்துச்சு. 1962 ஏப்ரல்ல இன்ஸ்பெக்டர்கள் ஆய்வகத்துக்குள்ள போய் நோட்டுப் புத்தகங்களைப் பிரிச்சாங்க. அதே மாசம் மருந்து வாபஸ். 1964-ல் கம்பெனி குற்றச்சாட்டை எதிர்க்காம கட்டின அபராதம் 80,000 டாலர்.